முயல் ரோமத்தில் ஃப்ளை உடல் கட்டுவது: டப்பிங் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளிலேயே கட்டும் போலிப் பூச்சிதான் ஃப்ளை. அதைக் கட்டப் பழகுகிறவர்களில் பலர் முதலில் மலைத்து நிற்கும் இடம் டப்பிங். ரோமத்தை நூலோடு சேர்த்து முறுக்கி, அந்த நூலைத் தூண்டில் முள்ளின் தண்டில் சுற்றிப் பூச்சியின் உடலாக்குவதுதான் டப்பிங். கேட்க எளிது. உட்கார்ந்து செய்தால் ரோமம் நூலை விட்டுவிட்டு விரலோடு வரும். ஒட்டினாலும் கட்டி கட்டியாக நிற்கும். ஒருவழியாகச் சுற்றி முடித்தால் உடல் தொளதொளவென்று தண்டில் சுழலும். இந்த மூன்று தொல்லைக்கும் அநேகமாக ஒரே காரணம்தான்: எடுத்த ரோமம் அதிகம். முறுக்கும் விதத்தைக் கை சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். அளவு பிடிபடத்தான் நாளாகும். அதனால் அளவைப் பற்றி அடிக்கடி பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோமத்தில் உடல் கட்டுவது புதிய யோசனை இல்லை. 1496ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் நூலில் 12 ஃப்ளைகளின் பட்டியல் இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு உடல் கம்பளிதான். இத்தனை விதமான பிளாஸ்டிக் இழைகள் வந்த பிறகும் ரோமம் இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்கக் காரணம் உண்டு. இழைகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். நனைந்ததும் ரோமத்துக்குள் கொஞ்சம் வெளிச்சம் ஊடுருவும். துருத்தி நிற்கும் முடிகள் நீரோட்டத்தில் மெல்ல அசையும். பூச்சியின் காலும் செவுளும் அசைகிற அசைவை இழுத்துக் கட்டிய நூலிலோ டின்சல் என்னும் பளபளக்கும் இழையிலோ கொண்டுவர முடியாது.

சென்னையில் இருந்துகொண்டு இதைக் கற்று என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. உதகைப் பக்கம் அவலாஞ்சியில் குளிர்நீர் மீனான ட்ரவுட் இருக்கிறது, அனுமதி கிடைத்தால் போகலாம், அது வேறு. அதுவரைக்கும் நமக்கு ஜிலேபி மீன் போதும். நம் ஏரி குளங்களின் செடிகளுக்கிடையே தட்டான்பூச்சியின் இளம்பருவப் புழுக்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். சேற்றில் ரத்தப்புழு இருக்கும். 10 அல்லது 12ஆம் எண் அளவுள்ள முள்ளில் பழுப்பு ரோமத்தால் கட்டிய உடல் தட்டான் புழுவுக்கு நன்றாகவே பொருந்தும், ரத்தப்புழுவுக்குச் சிவப்பு ரோமம் வேண்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஏரிகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்திடமோ குத்தகை எடுத்தவரிடமோ இருக்கும். கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள்.

ரோமத்தைத் தெரிந்துகொள்வது

நூலைத் தொடுவதற்கு முன் ரோமத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு முயல் பண்ணைகளில் பரவலாக வளர்க்கப்படும் சோவியத் சின்சில்லா முயல் கிடைத்தால் ரொம்ப நல்லது. அதன் முதுகு ரோமத்தை வாயால் ஊதிப் பிரித்தால் உள்ளே அடுக்கடுக்காக நிறம் தெரியும். தோலோரம் நீலம் கலந்த சாம்பல், அதற்கு மேல் வெளிறிய ஒரு பட்டை, நுனியில் கறுப்பு. ஒரே சிட்டிகையில் மூன்று நிறம். கலந்து முறுக்கினால் உயிருள்ள பூச்சியின் மங்கலான சாம்பல் பழுப்பு தானாக வரும்.

அந்தச் சிட்டிகையை இரண்டு கை விரல்களாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நீளமான, விறைப்பான முடிகள் ஒரு பக்கம் கழன்று வரும். இதை மேல்முடி என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது பஞ்சாக இருக்கும் மென்மையான, சுருட்டையான இழை. அது அடிரோமம். நூலைப் பிடித்துக்கொள்வது அடிரோமம்தான். அதன் சுருள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மேல்முடி வழவழவென்று நேராக இருப்பதால் தனியாக முறுக்கினால் நிற்காது. ஆனால் உடலுக்குக் காலும் சிலிர்ப்பும் கொடுப்பது அதுதான். எந்த ஃப்ளைக்கு இரண்டையும் எந்த விகிதத்தில் வைப்பது என்பதில்தான் கட்டுபவரின் கைவண்ணம் தெரியும்.

முதன்முதலாகக் கட்டும்போது மேல்முடியை முழுவதும் உருவி எடுத்துவிட்டு அடிரோமத்தை மட்டும் வைத்துப் பழகுங்கள். கை நிலைப்பட்ட பிறகு நான்கில் ஒரு பங்கு மேல்முடி சேர்க்கலாம். பூச்சியின் மார்புப் பகுதிக்குப் பாதிக்குப் பாதி வரை போகலாம். அதற்கு மேல் போனால் முறுக்கில் நிற்காது, நூல் வளையம் தேவைப்படும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சென்னையில் ரோமத்துக்கு எங்கே போவது? இறக்குமதியான டப்பிங் பாக்கெட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன, விலைதான் கூடுதல். பழகுவதற்கு அவை அவசியமே இல்லை. முயல் வளர்ப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். ரோமம் உதிரும் காலத்தில் சீப்பால் வாரி எடுத்தது ஒரு பை கிடைத்தால் ஒரு வருடத்துக்குத் தாங்கும். லேப்ரடார் வளர்க்கும் நண்பர் இருந்தால் இன்னும் வசதி. அந்த நாயின் அடிரோமம் தண்ணீரில் நீந்துவதற்கென்றே அடர்த்தியாக வளர்வது. டப்பிங்குக்கு மிகப் பொருத்தம். வெள்ளை ஸ்பிட்ஸின் ரோமம் சாயம் ஏற்ற நல்லது. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கு வழவழப்பான குட்டை முடிதான், டப்பிங்குக்கு உதவாது. சென்னையைச் சுற்றித் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் மேயும் மெட்ராஸ் சிவப்பு ஆட்டுக்கும் கம்பளி கிடையாது, வெறும் முடிதான். ஆட்டு ரோமம் வேண்டுமென்றால் மெல்லிய கம்பளி தரும் நீலகிரி ஆட்டைத்தான் தேட வேண்டும். இல்லையென்றால் அக்ரிலிக் கலக்காத கம்பளி நூல்கண்டு ஒன்றை வாங்கி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் பிய்த்துக்கொள்ளலாம்.

பச்சைத் தோல் மட்டும் வாங்க வேண்டாம். நம் ஈரக்காற்றில் அது காய்வதற்குள் நாற்றமெடுத்துப் புழு வைத்துவிடும்.

காட்டு முயல், கீரி இவற்றின் ரோமத்தின் பக்கமே போகாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். ஓவியம் வரையும் தூரிகைகளில் கீரி முடி வைத்தவை கள்ளத்தனமாக விற்கப்பட்டுப் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. ‘பழைய தூரிகைதானே, வெட்டி டப்பிங்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். ஒரு தூரிகைக்காகச் செத்த விலங்கை ஒரு ஃப்ளைக்காக மறுபடி விலை பேச வேண்டுமா? வீட்டு முயலும் நாயும் உயிரோடு உதிர்க்கும் ரோமமே நமக்குத் தாராளம்.

கழுவுவதும் கலப்பதும்

நாய் ரோமத்தில் எண்ணெய்ப் பசை இருக்கும். ஒரு சொட்டு ஷாம்பு விட்ட வெதுவெதுப்பான நீரில் அலசி, பழைய டீ வடிகட்டியில் வடித்து, நிழலில் செய்தித்தாள் மேல் பரப்பி உலர்த்துங்கள். மாடி வெயிலில் வைத்தால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

கொஞ்சமாகக் கலப்பதற்குக் கையே போதும். இரண்டு ரோமத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இழுத்துப் பிரித்து, திரும்ப அடுக்கி, திரும்ப இழுக்க வேண்டும். பத்துப் பதினைந்து முறை செய்தால் சீராகக் கலந்துவிடும். அதிகமாக வேண்டுமென்றால் வாயகன்ற பாட்டிலில் தண்ணீரும் ஒரு துளி ஷாம்புவும் விட்டு, ரோமத்தைப் போட்டு நன்றாகக் குலுக்கி, வடிகட்டிப் பிழிந்து உலர்த்துங்கள். உலர்ந்ததும் ஒரே மெத்தையாகக் கிடைக்கும். கம்பளித் துண்டுகளைக் கலக்கவும் இதே வழிதான்.

நிறத்துக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். வெள்ளை ரோமத்தைத் திக்கான டீ டிகாஷனில் ஊற வைத்தால் இளம்பழுப்பு வரும். ஆலிவ் மாதிரியான நிறங்களுக்குப் பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் ஆசிட் சாயத்தை, கொஞ்சம் வினிகர் சேர்த்த சுடுநீரில் கரைத்துப் பயன்படுத்துங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் ரோமம் சிக்குப் பிடித்துக் கெட்டியாகிவிடும்.

நூல், மெழுகு, உட்காரும் இடம்

12ஆம் எண் முள்ளுக்கு 70 டெனியர் நூல் சரியாக இருக்கும். டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அளவு. கை பழகும் வரை கொஞ்சம் தடித்த 140 டெனியர் நூல் எடுத்தாலும் பாதகமில்லை, அறுந்து அறுந்து எரிச்சல் வராது. ஃப்ளைக்கான நூல் கிடைக்காவிட்டால் மெஷின் எம்பிராய்டரியில் அடியில் போடும் மெல்லிய பாலியஸ்டர் நூலை எடுத்துக்கொள்ளலாம். ரேயான் நூல் வேண்டாம். பளபளப்பில் மயங்கி வாங்கினால் நனைந்ததும் வலு குறைந்துவிடும்.

நூலின் நிறத்தையும் யோசியுங்கள். ரோமம் நனைந்ததும் அடியில் இருக்கும் நூல் வெளியே தெரியும். சாம்பல் ரோமத்துக்குக் கீழே கறுப்பு நூல் இருந்தால் உடல் தண்ணீரில் இருண்டு போகும். மஞ்சளோ ஆரஞ்சோ இருந்தால் உள்ளிருந்து லேசாக ஒளிரும். ஆரம்பத்துக்கு இளம்பழுப்பு நூல் எதற்கும் ஒத்துப்போகும்.

மெழுகுக்கு நாட்டு மருந்துக் கடையில் விற்கும் தேன்மெழுகு போதும். நூலில் ஒருமுறை லேசாகத் தடவுங்கள், விரலில் தடவ வேண்டாம். மெழுகு கூடினால் ரோமம் தொட்ட இடத்திலேயே திட்டாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பரப்ப முடியாது. அக்னி நட்சத்திர நாட்களில் மெழுகு தானாக இளகியிருக்கும், அப்போது தடவாமலேயே கட்டிவிடலாம். ஒரு தரம் மெழுகில்லாமல் பழகிவிடுவதும் நல்லதுதான், உங்கள் விரலின் அழுத்தம் உங்களுக்கே தெரியவரும்.

சென்னையில் டப்பிங்குக்குப் பெரிய எதிரி வியர்வை. விரல் ஈரமாக இருந்தால் ரோமம் நூலை விட்டு விரலோடு வந்துவிடும். பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிட்டிகைக்கு முன்னும் விரலைத் துடையுங்கள். வியர்க்கிறதே என்று மின்விசிறியைப் போட்டால் மேஜையில் ஒரு இழை மிஞ்சாது. விடிகாலையில் அறை குளிர்ச்சியாக இருக்கும்போது உட்காருவது நல்ல வழி. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சாயமும் அந்துருண்டையும் பட்ட ரோமத்தை வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது கட்டலாம்

12ஆம் எண் முள்ளை வைஸ் என்னும் சிறு பிடிகருவியில் கவ்வவிட்டு, தண்டு கிடைமட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். முள்ளின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டர் விட்டு நூலைத் தொடங்குங்கள். நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே பின்னால் போய், எதிர்முள்ளுக்கு (மீன் கழன்றுவிடாமல் இருக்க முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு முள்) நேர் மேலே நிறுத்துங்கள். இந்த அடிச்சுற்று அவசியம். வெறும் இரும்பின் மேல் ரோமத்தைச் சுற்றினால் உடல் சுழன்றுகொண்டே இருக்கும்.

வாலுக்கு நாலைந்து மேல்முடிகளை வைத்துக் கட்டுங்கள். அதே இடத்தில் வரிக் கம்பியையும், அதாவது பிறகு உடலின் மேல் வரி வரியாகச் சுற்றப்போகும் மெல்லிய கம்பியையும், கட்டிவிட்டு ஓரமாகத் தொங்கவிடுங்கள். வரிக்குச் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 38 எஸ்டபிள்யூஜி (கம்பியின் தடிமன் எண்) தாமிர வைண்டிங் கம்பி அருமையாக இருக்கும். அதன் தடிமன் சுமார் 0.15 மில்லிமீட்டர். தங்க நிறம் வேண்டுமென்றால் எம்பிராய்டரிச் சாமான் கடையில் மெல்லிய ஜரிகை கேளுங்கள்.

இனி ரோமம். பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுங்கள். அதில் பாதியைத் திரும்பப் பையில் போடுங்கள். மீதியை இன்னொரு முறை பாதியாக்குங்கள். கையில் இருப்பதை விரலால் இழுத்து மெல்லிய படலமாகப் பரப்பி, செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். ரோமத்துக்குக் கீழே இருக்கும் எழுத்துகளை வாசிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் இன்னும் அதிகமாக இருக்கிறது. இவ்வளவு கொஞ்சமா என்று மனது கேட்கும். ஆமாம், இவ்வளவுதான். போதாவிட்டால் அடுத்த சிட்டிகையைச் சேர்த்துக்கொள்ளலாம், முறுக்கிய பிறகு குறைப்பதுதான் சிரமம்.

முள்ளுக்கும் பாபினுக்கும் (நூல்கண்டைப் பிடித்திருக்கும் கருவி) நடுவே ஐந்து சென்டிமீட்டர் நூல் தெரியும்படி பாபினை இறக்கி, இடது கையால் நூலை விறைப்பாகப் பிடியுங்கள். படலத்தை வலது கை ஆள்காட்டி விரல் மேல் வைத்து, நூலுக்குப் பின்னால் கொண்டுபோய், கட்டை விரலால் மூடுங்கள். இப்போது நூலும் ரோமமும் இரண்டு விரலுக்கு நடுவே இருக்கின்றன. அழுத்திப் பிடித்து, கட்டை விரலை ஆள்காட்டி விரலின் நுனியை நோக்கி ஒரே இழுப்பாக நகர்த்துங்கள். அப்புறம் விரல்களைத் திறந்து, பழைய இடத்துக்கு வந்து, மறுபடி அதே திசையில் நகர்த்துங்கள். வீட்டில் விளக்குத் திரி திரிக்கும்போது ஒரே பக்கமாக உருட்டுவார்களே, அதே வேலைதான். முன்னும் பின்னும் உருட்டினால் போட்ட முறுக்கை நாமே அவிழ்த்துக்கொண்டிருப்போம். விரல்களைத் திறக்காமல் பின்னுக்கு இழுப்பது எல்லாருக்கும் வருகிற பழக்கம். முதல் சில நாட்கள் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ‘திற’ என்று சொல்லிக்கொண்டே செய்தால் அது போய்விடும்.

அழுத்தம் எவ்வளவு? விரல் நுனி லேசாக வெளுக்கிற அளவு. மெதுவாகத் தடவினால் ரோமம் நூலைச் சுற்றி மேகமாக நிற்குமே தவிரப் பிடிக்காது.

மேலிருந்து கீழாக ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராக நகர்ந்து, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு முறுக்குங்கள். முள்ளை ஒட்டிய முதல் பகுதி நூலைவிடக் கொஞ்சமே தடிப்பாக இருக்கட்டும். கீழே போகப் போக அடுத்தடுத்த சிட்டிகைகளைச் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிப்பை ஏற்றுங்கள். பூச்சியின் உடல் வாலில் ஒல்லியாகவும் மார்பில் தடிப்பாகவும் இருக்க வேண்டும். அந்த வடிவத்தை நூலிலேயே கொண்டுவந்துவிட்டால் முள்ளில் சுற்றும்போது தானாக அமைந்துவிடும். முறுக்கி முடித்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்காவது முடிச்சாகத் தெரிந்தால் அந்த இடத்தில் ரோமத்தைக் கிள்ளி எடுத்து, திரும்ப முறுக்குங்கள்.

சுற்றுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. ரோமம் தொடங்கும் இடத்துக்கும் முள்ளுக்கும் நடுவே கொஞ்சம் வெறும் நூல் இருக்கும். முறுக்கிய ரோமத்தை அப்படியே விரலால் மேலே தள்ளித் தண்டைத் தொடச் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் வாலுக்கும் உடலுக்கும் நடுவே வெறும் நூல் ஒரு வரி தெரியும்.

இப்போது சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைத் தொட வேண்டும், ஏறக் கூடாது. பாபினை எப்போதும் விறைப்பாகப் பிடியுங்கள். நூலைத் தண்டில் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் நூலின் முறுக்கைக் கொஞ்சம் மாற்றும், அதனால் நடுவில் ரோமம் தளர்வதைப் பார்த்தால் நிறுத்தி, இரண்டு முறுக்கு கொடுத்துவிட்டுத் தொடருங்கள். தண்டின் முக்கால்வாசிக்கு வந்ததும் வயிற்றுப் பகுதி முடிந்தது. ரோமம் மீந்திருந்தால் அதை எப்படியாவது சுற்றித் தீர்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், கிள்ளி எறியுங்கள்.

வரிக் கம்பியை ரோமம் சுற்றிய திசைக்கு எதிர்த் திசையில், இடைவெளி விட்டு நாலைந்து சுற்றாகக் கொண்டுவந்து கட்டுங்கள். ஒரே திசையில் சுற்றினால் கம்பி ரோமத்துக்குள் புதைந்து மறைந்துபோகும். எதிர்த் திசையில் வரும்போது ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே பிடித்துக்கொள்ளும், மீன் பல்லில் பட்டாலும் உடல் சீக்கிரம் அவிழாது. மிச்சக் கம்பியைக் கத்தரிக்க வேண்டாம், இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒட்டி உடைந்துவிடும்.

மார்புக்கு மேல்முடி அதிகமாகக் கலந்த ரோமத்தை எடுங்கள். வயிற்றைவிட ஒன்றரை மடங்கு தடிப்பு போதும். முள்ளின் கண்ணுக்குப் பின்னால் விட்ட இரண்டு மில்லிமீட்டரை எந்தக் காரணத்துக்காகவும் ரோமத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். தலை கட்ட இடமில்லாமல் கண்ணுக்குள் ரோமம் புகுந்துவிட்டால் ஆற்றோரத்தில் தூண்டில் நரம்பைக் கோக்கப் படாத பாடு படுவீர்கள். முடிச்சுப் போட்டு நூலை அறுத்துவிட்டு, தையல் ஊசியால் மார்புப் பகுதியின் பக்கவாட்டிலும் அடியிலும் முடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி இழுங்கள். கால்கள் வந்துவிடும். வயிற்றைக் கிளற வேண்டாம், அங்கே வரி தெரிவதுதான் அழகு.

நூல் வளையத்தில் கட்டுவது

தட்டான்பூச்சிப் புழுவுக்குக் கரடுமுரடான, சிலிர்த்த, தடித்த உடல் வேண்டும். விரலால் முறுக்கி அதைக் கொண்டுவர முடியாது, மேல்முடி நிற்காது. இங்கேதான் வளையம் உதவும். ரோமம் கட்டும் கலையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

140 டெனியர் நூலை எடுத்து, எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீழே இறக்கி, மடக்கித் திரும்ப முள்ளுக்குக் கொண்டுவந்து கட்டுங்கள். ஒரு வளையம் தொங்கும். பாபினை முன்னால் கொண்டுபோய்த் தனியே தொங்கவிடுங்கள். வளையத்தின் இரண்டு நூல்களில் ஒன்றுக்கு மெழுகு தடவுங்கள். அடியில் ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்துக் கொக்கியாக்கி, அதில் கனமான நட்டு ஒன்றை மாட்டித் தொங்கவிட்டால் சுழற்றும் கருவி தயார். கடைகளில் இதற்கென்று ஸ்பின்னர் விற்கிறார்கள், ஆனாலும் பழக இதுவே போதும்.

ரோமத்தை இரண்டு நூல்களுக்கும் நடுவே, நூலுக்குக் குறுக்காக, அடர்த்தியில்லாமல் வரிசையாக வையுங்கள். இழைகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நீட்டிக்கொண்டிருக்கட்டும். வளையத்தை மூடிக் கருவியைச் சுழற்றுங்கள். முதலில் நூல்கள் மட்டும் பின்னிக்கொள்ளும், ஒரு கட்டத்தில் ரோமம் ‘படக்’கென்று எல்லாத் திசையிலும் விரியும். அங்கே நிறுத்திவிடாமல் இன்னும் கொஞ்சம் சுழற்றினால் ரோமம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அளவு மீறினால் நூல் அறுந்துவிடும், அதைக் கைதான் சொல்லித்தரும். பழைய பல் துலக்கும் பிரஷால் இரண்டு தடவை வாரிவிட்டால் சிக்கியிருந்த முடிகளும் எழுந்து நிற்கும்.

இதைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் நிற்கும் முடிகளை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சுற்று அவற்றையே அமுக்கிவிடும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழ்ந்த ஜேம்ஸ் லைசன்ரிங் இந்த முறையை வேறு விதமாகச் செய்தார். மெழுகு பூசிய பட்டு நூலைத் தன் கால்சட்டை மேல் வைத்து, ரோமத்தைப் பரப்பி, நூலை மடித்து உருட்டிவிடுவார். அப்படித் திரித்த உடல்களை முன்கூட்டியே செய்து சேர்த்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்து முள்ளில் சுற்றுவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்துப் பன்னிரண்டு திரித்து அட்டையில் சுற்றி வைத்துவிட்டால் வார நாட்களில் வேலை முடிந்து வந்து கட்டுகிறவர்களுக்கு அரை மணி நேரத்தில் நாலு ஃப்ளை கட்டலாம்.

மிதக்க வேண்டிய ஃப்ளை

மிதக்கும் ஃப்ளைக்கு மேல்முடியே வேண்டாம். மிக மெல்லிய அடிரோமத்தை இறுக்கமாக முறுக்கி, ஒல்லியான உடலாகக் கட்டுங்கள். ரோமம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தண்ணீர் குடிக்கும். மேற்கே நீர்வாழ் விலங்குகளான பீவர், மஸ்க்ராட் இவற்றின் அடிரோமத்தை இதற்கு விரும்புவார்கள். நமக்கு அங்கோரா முயல் ரோமமோ பாலிப்ரோப்பிலின் இழையோ சரியாக வரும். பாலிப்ரோப்பிலின் தண்ணீரைவிட எடை குறைந்தது, அதோடு நீரை உறிஞ்சாது.

பத்திரப்படுத்துவது

ரோமத்தை ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி வையுங்கள். புதிதாக வந்த எந்த ரோமத்தையும் நேராகப் பெட்டியில் சேர்க்காமல், கழுவி உலர்த்தி, சில நாட்கள் ஃப்ரீஸரில் வைத்து எடுத்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. அந்துப்பூச்சி ஒரு பையில் புகுந்தால் பெட்டி முழுவதையும் தின்றுவிடும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் முட்களும் துருப்பிடிக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

நனைத்துப் பார்ப்பது

கட்டி முடித்த ஃப்ளையைக் காய்ந்த நிலையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் ஏரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ எடுத்து அதில் போட்டு, விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நிறம் ஒரு படி இருண்டிருக்கும். உடல் ஒல்லியாகத் தெரியும். மேஜையில் ‘இது போதுமா’ என்று சந்தேகப்பட்டதுதான் தண்ணீரில் சரியான பருமனாக இருக்கும். அழகாகப் பருத்துத் தெரிந்தது நனைந்ததும் கட்டையாகத் தெரியும். ரொம்ப இருண்டுவிட்டால் அடுத்த கலவையில் வெள்ளை ரோமம் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லை நூலின் நிறத்தை மாற்றுங்கள். முடிகள் அசையாமல் உடலோடு படிந்து கிடந்தால் மேல்முடியின் பங்கைக் கூட்டுங்கள். சரியாக வந்த கலவையின் பையில் எந்த ரோமம் எத்தனை பங்கு, எந்த நூல் என்று எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை அதே நிறத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.